ஒரு நிமிடத்தில் வைரஸைப் பிடிக்கும் கருவியாம்: இந்தப் பங்கை வைத்திருப்பதா, விற்பதா?

வெள்ளவத்தைக்காரன் கேட்கிறார்:

வணக்கம். புறக்கோட்டையில் ஓர் இறக்குமதிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். பங்கு வைத்திருப்பதற்கான சி.டி.எஸ். கணக்கு இருக்கிறது, கொழும்புச் சந்தையில் வங்கிப் பங்கு, ஹோட்டல் பங்கு என்று கொஞ்சம் வைத்திருக்கிறேன். இப்போது கேட்பது அவற்றைப் பற்றி அல்ல.

அமெரிக்காவில் ஒரு சின்னக் கம்பனி. பெயரைப் போட்டால் விளம்பரம் என்று பதிவை நீக்கிவிடுவார்கள், அதனால் விடுகிறேன். கையடக்கமான ஒரு கருவி செய்கிறார்கள். வாயால் ஊதினால் வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் சொல்லுமாம். கொவிட், இன்புளுவென்சா, பறவைக் காய்ச்சல் மூன்றுக்கும் சரிவரும் என்று எழுதியிருக்கிறார்கள். பங்கு நாஸ்டாக்கில் இல்லை. வெளிச்சந்தையில் சில சதங்களுக்குக் கைமாறுகிறது. ரொறன்ரோவில் இருக்கும் மாமா மகன் தன் கணக்கில் வாங்கினான், அதில் என் காசும் இருக்கிறது.

2024 இல் அமெரிக்கப் பால்மாடுகளுக்குப் பறவைக் காய்ச்சல் தொற்றியதிலிருந்து, அது சம்பந்தமாக எந்தச் செய்தி வந்தாலும் அன்றைக்கே இந்த விலை துள்ளும். இரண்டு நாளில் பழைய இடத்துக்கே வந்துவிடும். போன கிழமை ஓர் அறிக்கை விட்டார்கள்: ஆசிய விமான நிலையங்களில் கருவியை வைக்க ஒரு விநியோகத்தருடன் புரிந்துணர்வு ஒப்பந்தமாம். எந்த நாடு என்று சொல்லவில்லை. எங்கள் வட்ஸ்அப் குழுவில் அது கட்டுநாயக்கதான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். பத்து மடங்கு போகும் என்கிறார் ஒருவர்.

ஒரு நிமிடக் கதையை நம்பலாமா? கட்டுநாயக்கவில் வைப்பதென்றால் உண்மையில் என்னென்ன நடக்கவேண்டும்? மருத்துவ உபகரணத் துறையில் இருப்பவர்கள் யாராவது சொன்னால் நல்லது.

சந்தைப்புலி:

வைத்திரும் ஐசே. இந்த மாதிரிப் பங்கில் கருவி வேலை செய்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? செய்தி வரும்போது கூட்டம் வரும், கூட்டம் வரும்போது விற்கவேண்டும், அவ்வளவுதான். கொவிட் பரிசோதனை விற்ற கோ-டயக்னொஸ்டிக்ஸ் கம்பனியின் பங்கு 2020 தொடக்கத்தில் ஒரு டொலர் அளவில் கிடந்தது, ஓகஸ்டில் 25 டொலரைத் தாண்டியது. அன்றைக்கும் இப்படித்தான் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள்.

லேப் மெக்கானிக்:

தம்பி, நான் பங்குக்காரன் இல்லை. ஆய்வுகூட இயந்திரங்களை இறக்குமதி செய்யும் ஓர் இடத்தில் அவற்றைப் பூட்டுவதும் பழுதுபார்ப்பதும் என் வேலை, கொவிட்டுக்கு முன்பிருந்தே. விலை எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது. இப்படிப்பட்ட கருவிகள் எங்கே போய்ச் சேருகின்றன என்று நன்றாகத் தெரியும்.

இந்த வியாபாரத்தில் பெட்டியை விற்றுப் பெரிதாகச் சம்பாதிப்பவர் குறைவு. எத்தனையோ ஆய்வுகூடங்களுக்கு இயந்திரத்தைச் சும்மாவே கொண்டுபோய் வைக்கிறோம். ரீஏஜன்ட் என்ற பரிசோதனை இரசாயனம், காட்ரிஜ் என்ற ஒருமுறை பாவிக்கும் உறை எல்லாம் எங்களிடமே வாங்கவேண்டும் என்பதுதான் ஒப்பந்தம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு காட்ரிஜ் கழியும், காசு அதில். ஆகவே "இத்தனை விமான நிலையத்தில் இத்தனை கருவி" என்ற அறிக்கையைப் படித்தால் எனக்கு ஒன்றும் தோன்றாது. நோய்ப் பரபரப்பு அடங்கிய பிறகு அந்தப் பெட்டிக்குள் யார், எதற்காகக் காட்ரிஜ் போடப்போகிறார்கள்? அதற்குக் கம்பனியிடம் பதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜீன்எக்ஸ்பர்ட் என்ற பரிசோதனை இயந்திரத்தை எடுங்கள். 2010 இல் உலக சுகாதார நிறுவனம் காசநோய்க்காக அதைப் பரிந்துரைத்தது. கொவிட் வந்தபோது இயந்திரம் ஏற்கெனவே நாடு நாடாக மேசையில் இருந்தது. 2020 மார்ச்சில் கொவிட் காட்ரிஜுக்கு அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான எப்.டி.ஏ. அவசர அனுமதி கொடுத்தது. பெட்டி அதே பெட்டி, உள்ளே போகும் காட்ரிஜ்தான் வேறு. கொவிட் அடங்கியது, காசநோய் அடங்கவில்லை, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

மற்றக் கதையையும் சொல்கிறேன். கொவிட்டுக்கென்றே வாங்கிய ஒரு சின்ன இயந்திரத்தை அண்மையில் கொழும்பில் ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் பார்த்தேன். மூலையில், துணி போர்த்தி, அதன்மேல் சிறுநீர்ப் போத்தல் பெட்டி ஒன்றை ஏற்றி வைத்திருந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் திகதி முடிந்த காட்ரிஜ் கட்டு, உறைகூடப் பிரிக்கவில்லை. பக்கத்து மேசையில் இரத்தத்தில் டெங்கு இருக்கிறதா என்று காட்டும் என்.எஸ்.1 பட்டிகள் வரிசையாகக் கிடந்தன, பெண்பிள்ளை ஒருத்தி நிமிராமல் துளி விட்டுக்கொண்டிருந்தாள். 2017 இல் மட்டும் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. அந்தப் பட்டிக்குக் கருவியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம், கோடு தெரிகிறதா என்று பார்த்தால் போதும். விரைவுப் பரிசோதனை என்றால் இங்கே போட்டி அதோடுதான்.

சும்மா பயமுறுத்துகிறேன் என்று நினைக்கவேண்டாம். லூசிரா ஹெல்த் என்று ஒரு கம்பனி. வீட்டிலேயே செய்யக்கூடிய மூலக்கூற்றுப் பரிசோதனைக்கு (பி.சி.ஆர். போல வைரஸின் மரபணுவைத் தேடுவது) எப்.டி.ஏ. முதன்முதலில் அனுமதி கொடுத்தது அவர்களுக்குத்தான், 2020 நவம்பரில். 2021 பெப்ரவரியில் பங்கை 17 டொலருக்கு வெளியிட்டார்கள். 2023 பெப்ரவரி 22 இல் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனார்கள். இரண்டு நாள் கழித்து, 24 ஆம் திகதி, அவர்களுடைய கொவிட்டும் இன்புளுவென்சாவும் சேர்ந்த வீட்டுப் பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது! அந்த வகையில் அதுதான் முதலாவது. கடைசியில் சொத்துகளை ஏறக்குறைய 36 மில்லியன் டொலருக்கு பைசர் வாங்கியது. கியூ ஹெல்த் 2021 செப்டெம்பரில் 16 டொலருக்குப் பங்கு வெளியிட்டது, அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கே அவர்களுடைய கருவியைப் பாவித்தது. 2024 மே மாதம் கதவைச் சாத்தினார்கள். இரண்டும் ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். உண்மையான கருவி, உண்மையான அனுமதி, ஆனால் காட்ரிஜ் வாங்க ஆள் இல்லை.

ஊதும் கருவிக்கு வருவோம். ஊதிப் பார்த்து வைரஸ் கண்டுபிடிப்பது கட்டுக்கதை இல்லை. இன்ஸ்பெக்ட்ஐஆர் என்ற கம்பனியின் மூச்சுப் பரிசோதனைக்கு எப்.டி.ஏ. 2022 ஏப்ரலில் அவசர அனுமதி கொடுத்தது. முடிவு மூன்று நிமிடத்துக்குள் வரும். ஆனால் கருவி விமானத்தில் கையோடு கொண்டுபோகும் பயணப் பெட்டி அளவு, ஒரு நாளைக்கு 160 மாதிரி அளவில்தான் பார்க்கலாம். நோய் உள்ளவரில் 91 வீதத்தைப் பிடித்தது, இல்லாதவரில் 99 வீதத்தைச் சரியாக விட்டது. தொற்று என்று காட்டினால் மூலக்கூற்றுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தவேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் கம்பனி அதைவிட விரைவு, அதைவிடச் சின்னது, ஒன்றுக்கு மூன்று வைரஸ் என்கிறது. அப்படியானால் ஆய்வு முடிவு எங்கே?

99 வீதம் என்றதும் மயங்கவேண்டாம், விமான நிலையக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஆயிரம் பயணிகள், அதில் ஐந்து பேருக்கு நோய் என்று வையுங்கள். கருவி நாலைந்து பேரைப் பிடிக்கும். மிச்சம் 995 பேரில் ஒரு வீதம், அதாவது பத்துப் பேர், ஒன்றுமில்லாமலே மாட்டுவார்கள். பிடிபட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சுகதேகிகள். விடிய மூன்று மணிக்கு டுபாயிலிருந்து இறங்கிய அந்தப் பத்துப் பேரையும் எங்கே இருத்துவது, யார் பி.சி.ஆர். எடுப்பது, அதற்கு யார் காசு கொடுப்பது? விமான நிலையத்தில் இருப்பவர்கள் கேட்கப்போவது அதைத்தான்.

கட்டுநாயக்க பற்றிச் சுருக்கமாக: முதலில் இங்கே ஒரு முகவர் வேண்டும். அவர் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் கருவியைப் பதிவு செய்யவேண்டும். பிறந்த நாட்டிலேயே அனுமதி இல்லாத கருவிக்கு அந்தக் கோப்பு நகர்வது கஷ்டம். அரசாங்கம் வாங்குவதென்றால் கேள்விமனு. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது கொள்வனவுக் கட்டளை இல்லை தம்பி. அதில் காசும் இல்லை, கட்டாயமும் இல்லை.

வெள்ளவத்தைக்காரன்:

மிகவும் நன்றி அண்ணா. கம்பனியின் இணையத்தளத்தில் ஆய்வு என்று ஒரு பக்கம் இருக்கிறது. "உள்ளகப் பரிசோதனையில் மிகச் சிறந்த பெறுபேறு" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். எத்தனை பேரிடம் பார்த்தார்கள் என்று இல்லை. எப்.டி.ஏ. பற்றிய இடத்தில் "விண்ணப்பத்துக்கான ஆயத்தங்கள் நடைபெறுகின்றன" என்றிருக்கிறது.

பேரேடு:

கணக்கு எழுதுபவர் நீங்கள், இணையத்தளத்தை ஏன் வாசிக்கிறீர்கள்? அமெரிக்கப் பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் எட்கர் தளத்துக்குப் போங்கள், இலவசம். கம்பனி காலாண்டு அறிக்கை போட்டிருந்தால் ஐந்தொகையில் கையிருப்புக் காசையும் காலாண்டுச் செலவையும் எடுத்து வகுத்துப் பாருங்கள், எத்தனை காலாண்டு தாங்குவார்கள் என்று தெரிந்துவிடும். பிறகு வெளியிட்ட பங்குகளின் எண்ணிக்கையைப் போன வருடத்தோடு ஒப்பிடுங்கள். பங்காக மாற்றக்கூடிய கடன் பத்திரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால், செய்தி வந்து விலை துள்ளும்போது விற்பவர் யார் என்பதற்கு அங்கேயே விடை கிடைக்கும். கடன் கொடுத்தவர் மலிவு விலைக்குப் பங்காக மாற்றி உங்கள் தலையில் கட்டுவார். இரண்டு நாளில் விலை பழைய இடத்துக்கு வருகிறது என்று எழுதியிருந்தீர்களே.

அறிக்கையே போடாத கம்பனி என்றால் அதற்குமேல் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

"ஒரு நிமிடம்" என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது டிசிஷன் டயக்னொஸ்டிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி. விரல் நுனி இரத்தத்தில் ஒரு நிமிடத்துக்குள் கொவிட் கண்டுபிடிக்கலாம் என்று அறிக்கை மேல் அறிக்கை விட்டார்கள். 2020 ஏப்ரலில் ஆணைக்குழு அந்தப் பங்கின் வியாபாரத்தை இடைநிறுத்தியது, டிசம்பரில் வழக்குப் போட்டது. கருவி என்று ஒன்றே இருக்கவில்லை, யோசனை மட்டும்தான் இருந்தது என்பது குற்றச்சாட்டு. தலைமை நிர்வாகி 2023 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இன்னொன்று, பங்கு உங்கள் பெயரில் இல்லை. மாமா மகன் நல்லவனாகவே இருக்கட்டும், ஏட்டில் உரிமையாளன் கணக்கு வைத்திருப்பவன்தான். இங்கிருந்து முறையாக வெளிநாட்டுப் பங்கு வாங்குவதென்றால் வங்கியில் அதற்கென்று தனிக் கணக்கு, மத்திய வங்கியின் கட்டுப்பாடு எல்லாம் இருக்கிறது. அது வேறு இழையில் கதைப்போம்.

சந்தைப்புலி:

எல்லாம் சரி. இருந்தாலும் அடுத்த பறவைக் காய்ச்சல் செய்திக்கு இது ஏறும், பார்த்துக்கொண்டிருங்கள்.

லேப் மெக்கானிக்:

ஏறலாம். நான் மறுக்கவில்லையே. நீங்கள் சொன்ன கோ-டயக்னொஸ்டிக்ஸ் பிறகு எங்கே வந்து நின்றது என்பதையும் தம்பிக்குச் சொல்லியிருக்கலாம்.

வெள்ளவத்தைக்காரன்:

எட்கரில் பார்த்தேன். காலாண்டு அறிக்கை இருக்கிறது. பங்குகளின் எண்ணிக்கை ஒரு வருடத்தில் இரட்டிப்புக்கு மேல். மாற்றக்கூடிய கடன் பத்திரமும் இருக்கிறது, சந்தை விலையிலிருந்து கழிவுடன் மாற்றலாமாம். வருமானம் என்ற இடத்தில் ஒரு கோடு.

அண்ணா, கருவியின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது அடிப்பக்க ஒட்டியில் "ஆராய்ச்சிப் பாவனைக்கு மட்டும்" என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்?

லேப் மெக்கானிக்:

அந்த ஒட்டி ஒட்டிய கருவியை வைத்து ஒருவருக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்லக்கூடாது. ஆய்வாளர்கள் தங்கள் மேசையில் வைத்துப் பார்க்கலாம். விமான நிலையத்தில் வைத்துப் பயணியை மறிக்க முடியாது.

வெள்ளவத்தைக்காரன்:

விளங்கியது. மச்சானுக்குச் செய்தி போட்டுவிட்டேன். நியூயோர்க் திறக்கும்போது நமக்கு இரவு 7 மணி, முழுவதையும் விற்கச் சொல்லியிருக்கிறேன். வாங்க ஆள் இருந்தால் சரி.

சந்தைப்புலி:

என்ன விலைக்குப் போட்டிருக்கிறான்?