பிசாங்கா முட்டையில் சாயம் திட்டுத் திட்டாக ஏறுகிறது, உதவி தேவை

கனடாவின் எட்மண்டனில், சனிக்கிழமை கைவினை வகுப்பில் 9 வயதுப் பிள்ளைகள் 12 பேருக்கு உக்ரைனின் பிசாங்கா முட்டை (மெழுகால் கோலம் எழுதி, சாயத்தில் ஊறவைத்து அலங்கரிப்பது) சொல்லித்தருகிறேன். மூன்று வாரமாக ஒரே சிக்கல்: முதல் சாயமான மஞ்சளிலேயே முட்டை திட்டுத் திட்டாகிவிடுகிறது. விரல் பட்ட இடமெல்லாம் வெளிறிக் கிடக்கிறது.

கடையில் வாங்கிய வெள்ளைக் கோழிமுட்டை, வேகவைக்காதது. உருகிய மெழுகால் எழுதும் கிஸ்த்கா எழுதுகோல், தேன்மெழுகு, வினிகர் சேர்த்துக் கரைத்த தூள் சாயம். ஊறும் நேரத்தை 5 நிமிடத்திலிருந்து 20 ஆக்கிப் பார்த்தேன். சாயத்தைப் புதிதாகக் கரைத்தேன். சோப்புப் போட்டுக் கழுவினேன், அப்புறம் இன்னும் மோசம். சாயம் நன்றாக ஆறிய பிறகுதான் முட்டையை இறக்குகிறோம், சூட்டில் மெழுகு உருகிவிடும் என்பதால்.

முட்டையில் வரையும் குறியீடுகளில் பிரச்சினையே இல்லை. கோதுமைக் கதிர் என்றால் விளைச்சல், முடிவில்லாத அலைக்கோடு என்றால் நித்தியம், உடனே பிடித்துக்கொண்டார்கள். ஹுட்சுல் மலைமக்களின் கதைதான் இன்னும் பிடித்தது: சங்கிலியில் கட்டுண்ட தீய சக்தி ஒன்று இருக்கிறதாம், ஆண்டுதோறும் எழுதப்படும் பிசாங்கா குறைந்தால் கட்டு தளருமாம். ஒருத்தி தன் திட்டு முட்டையைக் காட்டி, "இது கணக்கில் சேருமா?" என்றாள்.

முட்டையோட்டைக் கெடுக்காமல், மெழுகு போடும் முன் முட்டையை எப்படித் தயார் செய்தால் சாயம் சீராக ஏறும்?