ஏவுகணை சோதனை அறிவிப்பு நம்ம கடலுக்கும் பொருந்துமா?

பாம்பன் தென்கடல்:
நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு வரைபடம் வந்தது. வங்காள விரிகுடாவில் சிவப்புக் கோடு போட்டு, ஏவுகணை சோதனை, யாரும் போகாதீர்கள் என்று இருக்கிறது. மீன்துறையில் கடலுக்குப் போக டோக்கன் வாங்கி ஐஸ் கட்டியும் உடைத்து ஏற்றியாயிற்று, மச்சான் மட்டும் வரமாட்டேன் என்று கரையில் வலை மேலேயே உட்கார்ந்திருக்கிறார். நமக்கு இது பொருந்துமா? அப்புறம், ராணுவ விஷயத்தை ஏன் இப்படி ஊருக்கெல்லாம் நாள் சொல்லிவிட்டுச் செய்கிறார்கள்?

உச்சிப்புளி:
மச்சானைப் படகில் ஏறச் சொல்லுங்கள். நமக்குத் தடை என்றால் டோக்கனே கொடுத்திருக்க மாட்டார்கள். அக்னி மாதிரி பெரிய ஏவுகணைகள் கிளம்புவது ஒடிசா தீவிலிருந்து (நம்ம ஊர்க்காரர் அப்துல் கலாம் பெயர்தான் அதற்கு இப்போது). படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், கோடு இலங்கைக்குக் கிழக்கே இந்தியப் பெருங்கடல் பக்கம் போகும். அக்னி 5 பாய்வது 5,000 கிலோமீட்டருக்கு மேல், நம்ம பாக் நீரிணை அதற்கு வாய்க்கால்.

நாள் சொல்வது கப்பலுக்கும் விமானத்துக்கும் மட்டுமல்ல. திடீரென்று ஒன்று மேலே கிளம்பினால் சோதனையா சண்டையா என்று பக்கத்து நாட்டில் ரேடார் பார்ப்பவனுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் பாகிஸ்தானோடு 2005 அக்டோபரில் ஒப்பந்தமே போட்டார்கள், குறைந்தது 3 நாள் முன்னால் சொல்லிவிட வேண்டும். பேச்சுவார்த்தை நின்றுபோன காலத்திலும் அது நிற்கவில்லை.

தங்கச்சிமடம் வாடி:
சரிதான், ஆனால் நாள் சொன்னால் வேடிக்கை பார்க்க வருகிறவனும் வருவானே. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்தது, ஏவுகணை போகும் பாதையைப் பின்தொடரும் கருவிகள் அதில் உண்டு. டெல்லி முகம் சுளித்ததும் கொழும்பு முதலில் தள்ளிப்போடச் சொன்னது, பிறகு விட்டுவிட்டது. கடன் கொடுத்தவனையும் பகைக்க முடியாது, பக்கத்து வீட்டுக்காரனையும் பகைக்க முடியாது, பாவம். 2024இல் வெளிநாட்டு ஆய்வுக் கப்பல் எதுவுமே ஓராண்டுக்கு வேண்டாம் என்று கதவைச் சாத்தினார்கள், உடனே ஒரு சீனக் கப்பல் மாலைத்தீவில் போய் நின்றது.

என் எரிச்சல் வேறு. கப்பல் பேச்சுக்கு டெல்லிக்கும் கொழும்புக்கும் அவ்வளவு அவசரம் இருக்கிறது, பிடிபட்ட நம்ம விசைப்படகுகள் அங்கே கரையில் கிடந்து பலகை விட்டுப்போகிற வரைக்கும் அதே மேசையில் பேச்சு நகர்வதில்லை.

பாம்பன் தென்கடல்:
படித்துக் காட்டினேன், மச்சான் ஏறிவிட்டார். ஐஸ்தான் பாதி கரைந்துவிட்டது.