தீவுப் பள்ளியில் ஆசிரியை வேலை: எதற்கெல்லாம் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும்?

குலசேகரம் கணக்கு டீச்சர் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். குலசேகரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாகக் கணிதம் கற்பித்து வருகிறேன். மாலத்தீவில், தலைநகர் மாலேயிலிருந்து விரைவுப் படகில் இரண்டு மணி நேரம் போக வேண்டிய ஒரு தீவின் அரசுப் பள்ளியில் இரண்டாண்டு ஒப்பந்தத்தில் வேலை கிடைத்திருக்கிறது. விசா, சான்றிதழ் சரிபார்ப்பு, சம்பளம் ஆகியவை முடிந்துவிட்டதால் அவற்றைப் பற்றி நான் கேட்கவில்லை. கணவரும் ஏழு வயது மகனும் இங்கேயே இருப்பார்கள். நான் மட்டும் போகிறேன்.

"தேங்காயும் மீனும் கிடைக்கிற ஊரில் உனக்கு என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது" என்று என் அம்மா கேட்கிறார். எனக்கோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பயமாக இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகளின் வழக்கம் எப்படி? ஊரார் வெளிநாட்டு ஆசிரியர்களை எப்படி நடத்துவார்கள்? நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம் என்பதால் வழிபாட்டு விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும்? போய்வந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

மார்த்தாண்டம், அறிவியல் ஆசிரியை:

சகோதரி, 2012 முதல் ஆறு ஆண்டுகள் அங்கே இரண்டு தீவுகளில் வேலை பார்த்தேன். உங்கள் அம்மா சொல்வதில் உண்மை இருக்கிறது. நம் வீடுகளில் சம்பலுக்கு இடிக்கிற மாசிக் கருவாடு காலங்காலமாக அந்தத் தீவுகளிலிருந்து வந்ததுதான். நாம் தோணி என்பதை அவர்கள் 'தோனி' என்கிறார்கள். காலையில் சூரை மீனை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து 'மஸ்ஹுனி' என்று ரொட்டியோடு சாப்பிடுவார்கள். சில வீடுகளில் அதில் முருங்கைக் கீரையும் நறுக்கிப் போடுவார்கள். மீனைக் குழம்பாகக் கொதிக்கவைத்து வற்றவைத்த 'ரிஹாக்குரு' என்ற விழுதின் வாசனைக்கு மட்டும் எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. காய்கறி மாலேயிலிருந்து சரக்குப் படகில் வர வேண்டும். ஜூன், ஜூலையில் நமக்கு அடிக்கிற அதே தென்மேற்குப் பருவக்காற்றில் படகு நின்றுபோனால், கடையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும்தான் மிஞ்சும்.

ஆனால் நான் உண்மையில் பழக வேண்டியிருந்தது வகுப்பறைக்குத்தான். போன இரண்டாவது வாரம் எட்டாம் வகுப்பில் அடர்த்தி பற்றிய கணக்கு ஒன்றைப் பலகையில் போட்டுக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து நேரே பலகை வரைக்கும் வந்து, "மிஸ், இது தப்பு" என்று என் விடையின் மேல் விரலை வைத்தான். நம் பள்ளியில் இருபது வருடம் வேலை பார்த்தாலும் அப்படி ஒன்று நடக்காது. எனக்குக் கோபம் வந்து, அவனை வெளியே நிற்கச் சொன்னேன். இடைவேளையில் துறைப் பொறுப்பாசிரியை (அங்கே லீடிங் டீச்சர் என்பார்கள்) என்னிடம் வந்து, குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "விடை சரியா, தவறா?" பார்த்தால், கிராமைக் கிலோகிராமாக மாற்றாமல் விட்டிருந்தேன். மறுநாள் அதே வகுப்பில் அதைச் சொல்லித் திருத்தினேன். அந்தப் பையன் அதன் பிறகு ஆறு மாதம் என் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தான் என்பது வேறு கதை.

இதை ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன் என்றால், பயந்து அடங்குவதை மரியாதை என்று நாம் பழக்கப்பட்டிருக்கிறோம். அங்கே கம்பும் இல்லை, அதட்டலும் செல்லாது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின்படி நம் ஊரிலும் பிள்ளைகளை அடிக்கக் கூடாதுதான். ஆனாலும் நம் கையும் நாக்கும் எப்படிப் பழகியிருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். திவேஹி மொழிப்பாடமும் இஸ்லாமியப் பாடமும் தவிர மற்றவை ஆங்கிலத்தில் நடக்கும். மேல்வகுப்புப் பிள்ளைகள் கேம்பிரிட்ஜ் தேர்வு எழுதுவார்கள். அந்தத் தேர்வு 'ஏன்' என்று கேட்கும் தேர்வு என்பதால், குறிப்பைச் சொல்லி எழுதவைக்கும் நம் முறை அங்கே பாதி வழியில் நின்றுவிடும்.

இன்னொன்று: அவர்கள் மொழியில் 'ஆன்' என்றால் ஆம், 'நூன்' என்றால் இல்லை. நீங்கள் "புரிந்ததா?" என்று கேட்டால் வகுப்பே "ஆன்" என்னும். நம்பிவிடாதீர்கள். நம் பிள்ளைகள் "புரிஞ்சுது மிஸ்" என்பதற்கு உள்ள பொருள்தான் அதற்கும். ஒருவரைப் பலகைக்கு வரவழைத்துச் செய்யச் சொன்னால்தான் தெரியும்.

தக்கலை, ஓய்வு பெற்ற ஆசிரியர்:

மக்களே (நம் ஊர் வழக்கில் இது ஒருமைதான், வெளியூர் நண்பர்கள் குழம்ப வேண்டாம்), நான் போனது மாலத்தீவுக்கு அல்ல, எத்தியோப்பியாவுக்கு. 1971இல், பேரரசர் ஹைலி செலாசி ஆட்சியில் இருந்த காலத்தில். அப்போது அங்கே ஊருக்கு ஊர் இந்திய ஆசிரியர்கள் இருந்தார்கள்.

போன முதல் வாரம் தலைமையாசிரியர், "நாளை இரண்டு மணிக்கு ஆசிரியர் கூட்டம்" என்றார். நான் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு இரண்டு மணிக்குப் போனால் பள்ளியில் காவலாளி மட்டும் இருந்தார். அந்த நாட்டில் சூரியன் உதிப்பதிலிருந்து மணியை எண்ணுவார்கள். நமக்குக் காலை ஏழு என்றால் அவர்களுக்கு ஒரு மணி. கூட்டம் காலை எட்டு மணிக்கே நடந்து முடிந்திருந்தது. அவர்களுடைய ஆண்டுக்கு மாதம் பதின்மூன்று. புத்தாண்டு நம் கணக்கில் செப்டம்பர் 11இல் பிறக்கும். ஆண்டு எண்ணிக்கையோ நம்மைவிட ஏழெட்டு வருடம் பின்னால். பெயர் விஷயத்தில் மட்டும் எனக்குத் தடுமாற்றமே இல்லை, ஏனென்றால் அவர்களும் நம்மைப் போலத் தன் பெயரோடு அப்பா பெயரைச் சேர்த்துக்கொள்வார்கள், குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது.

மேலே எழுதிய டீச்சர் வகுப்பறைதான் கடினம் என்கிறார். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வகுப்பு ஒரு பருவத்தில் பழகிவிடும். ஆளைக் கெடுப்பது சக இந்தியர்களோடு மட்டும் உட்கார்ந்து, சோறு பொங்கித் தின்று, "நம்ம ஊர்ல இப்படியா" என்று ஊரைப் பழிக்கும் சாயங்காலப் பேச்சுதான். முதல் ஆண்டு நான் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். பக்கத்து வீட்டு அம்மா காப்பிக்குக் கூப்பிடுவார். பச்சைக் கொட்டையை நம் கண்முன்னே வறுத்து, இடித்து, மூன்று சுற்று ஊற்றுவார்கள், முதல் கோப்பையோடு எழுந்திருப்பது மரியாதை அல்ல. நேரமாகிறது என்று நான் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். 1974இல் பேரரசரை இறக்கிவிட்டு, மேல்வகுப்பு மாணவர்களையெல்லாம் கிராமங்களுக்கு அனுப்பி, என் வகுப்புகள் காலியாகி, கடைகளில் சாமான் குறைந்தபோது, என் வீட்டுக் கதவைத் தட்டி மாவு கொடுத்தது அந்த அம்மாதான். மூன்றாவது கோப்பை வரை இருக்க நான் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகே.

குளச்சல்காரன்:

நான் ஆசிரியன் அல்ல, ஆசிரியையின் கணவன். என் மனைவி நான்கு ஆண்டுகளாக மாலத்தீவில் இருக்கிறார். இருவருமே பழகிக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறீர்கள், வீட்டில் இருப்பவர்களும் பழக வேண்டும் என்பதை யாரும் எழுதவில்லை. அவர்களுடைய கடிகாரம் நமக்கு அரை மணி பின்னால். இரவு எட்டரைக்குப் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். முதல் மூன்று மாதம் என் மகள் தொலைபேசியைக் கையில் வாங்கவே மாட்டாள். பிறகு மனைவி, "இன்று என்ன சாப்பிட்டாய்" என்று கேட்பதை விட்டுவிட்டு, அவளுடைய வீட்டுக்கணக்கைத் தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் சரியானது. நீங்கள் கணக்கு டீச்சர், உங்களுக்கு இது இன்னும் எளிது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த நாட்டு நாணயமான ரூஃபியாவை ஊருக்குக் கொண்டுவந்து மாற்ற முடியாது. டாலராக்கித்தான் அனுப்ப வேண்டும், அந்த டாலர் அங்கே எப்போதும் தட்டுப்பாடு. முதல் மாதமே பணம் வரும் என்று இங்கே கடன் வாங்கி வைக்காதீர்கள். நாங்கள் வாங்கினோம்.

ஊரார் எப்படி என்று கேட்டிருந்தீர்கள். கடற்கரையில் கயிற்று வலை பின்னிய இருக்கைகள் வரிசையாகக் கிடக்கும், 'ஜோலி' என்பார்கள். மாலையில் ஊரே அங்கேதான் உட்காரும். என் மனைவி முதலில் அந்தப் பக்கம் போகத் தயங்கினார். ஒருநாள் ஒரு கிழவி கையைப் பிடித்து உட்காரவைத்து எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார். அருகிலிருந்த மாணவி மொழிபெயர்த்தாள். கடலோர ஊர், 2004 டிசம்பர் 26 அன்று எங்கள் பக்கத்திலும் கடல் ஏறியது என்று மனைவி சொன்னதும், கிழவி எதுவும் பேசாமல் தன் முழங்கால் வரை கையை வைத்து, பிறகு இடுப்பு வரை, பிறகு தலைக்கு மேல் உயர்த்திக் காட்டினாராம். அன்றிலிருந்து அவர் வீட்டு மீன் என் மனைவிக்கும் ஒரு பங்கு.

குலசேகரம் கணக்கு டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ஐயா எழுதிய காப்பிக் கதையை வாசித்துவிட்டு அம்மாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். வழிபாட்டைப் பற்றி மட்டும் இன்னும் தெரிய வேண்டும்.

மார்த்தாண்டம், அறிவியல் ஆசிரியை:

மன்னிக்கவும், அதை எழுத விட்டுப்போயிற்று. அங்கே தேவாலயமோ கோயிலோ கிடையாது. இஸ்லாம் அல்லாத பொது வழிபாட்டுக்குச் சட்டத்தில் இடமில்லை, வேறு மதத்தைப் பரப்புவது குற்றம். வழிபாட்டுச் சிலைகளையும் பன்றி இறைச்சி, மது ஆகியவற்றையும் கொண்டுபோகக் கூடாது. உங்கள் ஜெபம் உங்கள் அறைக்குள் இருக்கட்டும். வகுப்பில் பிள்ளைகள் உங்கள் மதத்தைப் பற்றிக் கேட்பார்கள், பிள்ளைகள்தானே. ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுங்கள். விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் ஞாயிறு காலை பள்ளிக்குப் போக வேண்டும். முதல் சில மாதங்கள் அதுதான் மனசுக்குச் சங்கடமாக இருக்கும். நான் ஆராதனையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றி, அறையில் பாட்டுப்புத்தகத்தை விரித்துவைத்துக்கொள்வேன். ரமலான் மாதத்தில் பகலில் பிறர் காணச் சாப்பிடவோ தண்ணீர் குடிக்கவோ கூடாது. நோன்பு திறக்கும் நேரத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்து தட்டு வரும். அந்தத் தட்டை வெறுமனே திருப்பி அனுப்பாதீர்கள். நான் மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) அவித்துத் தாளித்து வைத்து அனுப்புவேன், அந்தக் கிழங்கு அங்கேயும் விளைகிறது. குடம்புளி மட்டும் இங்கிருந்து எடுத்துப் போங்கள்.