மறுமொழி: பெல்லட் ஸ்மோக்கர் – 'புகைப்பான்' வேண்டாமே

வணக்கம்.

பெல்லட் ஸ்மோக்கர், அதாவது மரத்தூளை அழுத்திச் செய்த சின்னக் குச்சிகளை (பெல்லட்) எரித்து அந்தச் சூட்டிலும் புகையிலும் இறைச்சியை வேகவைக்கும் மின்கருவி. அதற்கும் அதன் பாகங்களுக்கும் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழை இவ்வளவு தூரம் ஓடியும் நான் வாயைத் திறக்காதது சோம்பலால் இல்லை. கருவி வந்து சேரட்டும், பூட்டி ஒருமுறையாவது ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். தொட்டுப் பார்க்காமல் பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த இழையிலேயே சாட்சி இருக்கிறது. ஆகருக்கு (பெல்லட்டை நெருப்புக்குக் கொண்டுபோகும் திருகு) 'துரப்பணம்' என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அகராதிப்படி சரிதான், ஆனால் இந்தக் கருவியில் அது எதையும் துளைப்பதில்லை.

பக்கவாட்டில் இருக்கும் பெட்டியில் பெல்லட்டைக் கொட்டுகிறோம். அதன் அடியில் ஒரு குழாய், குழாய்க்குள் நீளமான திருகு. அது மெதுவாகச் சுழன்று பெல்லட்டை நடுவிலுள்ள சின்னக் கிண்ணத்தில் தள்ளுகிறது. கிண்ணத்தில் ஒரு மின்தண்டு பழுக்கக் காய்ந்து பற்றவைக்கிறது, விசிறி காற்று ஊதுகிறது, மேலே ஒரு தகடு நெருப்பு நேராக இறைச்சியில் படாமல் மறைக்கிறது. உள்ளே எவ்வளவு சூடு என்று பார்த்துப் பார்த்து, கட்டுப்பாட்டுப் பலகை திருகை ஓட்டுவதும் நிறுத்துவதுமாக இருக்கும். அவ்வளவுதான் கருவி. ஆக, திருகின் வேலை தள்ளுவது, 'தள்ளுதிருகு' போதும். பெட்டிக்கு அக்கா ஒருவர் சொன்ன 'குதிர்' எனக்கு ரொம்பப் பிடித்தது. மேலே கொட்டிக் கீழே எடுப்பதுதானே குதிர். தீ எரியும் கிண்ணத்துக்குத் 'தீச்சட்டி' வேண்டாம், அந்தச் சொல் கோயிலில் வேறு வேலையாக இருக்கிறது. 'தீக்கிண்ணம்' என்றே விட்டுவிடலாம்.

நேற்று முதல் ஓட்டம். சுவிட்சைப் போட்டேன், விசிறி இரைந்தது, திருகு கரகரவென்று சுற்றியது, தீ மட்டும் வரவில்லை. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அணைத்து மறுபடி போட்டேன், அப்புறம் மூன்றாம் தடவையும். காலிக் குழாய் நிறைந்து முதல் பெல்லட் கிண்ணத்தில் விழவே சில நிமிடங்கள் ஆகும் என்று கையேட்டில் தெளிவாகவே இருந்தது, நான்தான் படத்தை மட்டும் பார்த்தவன். ஒவ்வொரு தடவையும் விழுந்து குவிந்ததெல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் பிடித்தபோது, முதலில் பஞ்சுப்பொதி மாதிரி கெட்டியான வெள்ளைப் புகை, அப்புறம் குப்பென்று ஒரு சத்தம், மூடி ஒரு விரற்கடை எழும்பி உட்கார்ந்தது. புருவம் தப்பியது. தீ பிடிக்காமல் போனால், மறுபடி பற்றவைக்கும் முன் ஆறவிட்டுக் கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். கையேட்டில் அதுவும் இருந்தது.

பிறகு ஒழுங்காகப் பற்றவைத்து, எதையும் உள்ளே வைக்காமல் 175 டிகிரி செல்சியஸில் முக்கால் மணி நேரம் ஓடவிட்டேன். தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெயும் அழுக்கும் எரிந்து போவதற்காக. இந்த வேலைக்குப் 'பதப்படுத்தல்', 'முன்னெரிப்பு' என்று இங்கே இரண்டு பரிந்துரை வந்திருந்தது. எதற்கு? புது மண்சட்டியை நாம் பழக்குகிறோம், புது இரும்புக்கல்லைப் பழக்குகிறோம், இதையும் பழக்குவோம். பதப்படுத்தல் என்று போட்டால் எல்லோரும் இறைச்சியைத்தான் நினைப்பார்கள்.

அடுத்து பெல்லட். குருணை, வில்லை, உருண்டை, சுள்ளி என்று நான்கு சொல் முன்னால் இருக்கிறது. கையில் எடுத்துப் பாருங்கள்: சுமார் 6 மி.மீ. தடிமனில் வழவழப்பான சின்னக் குச்சி, உடைத்தால் சடக்கென்று முறிகிறது. வில்லை தட்டை, உருண்டை உருண்டை, இரண்டும் போகட்டும். குருணை என்பது பெரியது உடைந்து சிறிதானது. இதுவோ தூளாக இருந்ததை அழுத்திப் பெரிதாக்கியது. பசை எதுவும் தேவையில்லை, அழுத்தத்தில் மரத்தூள் சூடாகி அதிலிருக்கும் லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் இயற்கைப் பொருள்) இளகி ஒட்டிக்கொள்கிறது. சுள்ளி மரத்திலிருந்து ஒடித்தது, அதுவும் பொருந்தாது. நான்கைந்து துண்டை ஒரு தட்டில் வைத்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உப்பி, பிளந்து, பழையபடி தூள். ஈரம் பட்ட பெல்லட் குழாய்க்குள் இப்படி ஆனால் திருகு இறுகி நின்றுவிடும். அதனால் 'தூள்' சொல்லுக்குள் இருக்க வேண்டும், எரிபொருள் என்பதும் தெரிய வேண்டும். என் பரிந்துரை 'தூள்விறகு'. இலக்கணக்காரர்கள் 'தூள்' 'தூள்' என்றே நிற்கலாமா என்று கேட்பார்கள், ளகரத்தின் பின் வகரம் வருவதால் திரிபு இல்லை, நிம்மதி.

இப்போது கருவிக்கே. 'டிரேகர்' என்று நிறுவனப் பெயரையே வைத்துக்கொள்ளலாம், ஜெராக்ஸ் மாதிரி, என்றார் தம்பி ஒருவர். அமெரிக்காவின் ஒரிகானில் ஜோ டிரேகர் 1986இல் இதற்குக் காப்புரிமை பெற்றார், அது 2006இல் முடியும்வரை அந்தப் பெயருக்கு நியாயம் இருந்தது. அதற்குப் பிறகு ஆளாளுக்குச் செய்கிறார்கள். 'புகைப்பான்' என்றால் பாதிப் பேருக்கு பீடி ஞாபகம் வரும், மீதிப் பேர் 'அவன் நாளை புகைப்பான்' என்று வினைமுற்றாகப் படிப்பார்கள். எனக்குப் 'புகையூட்டி' பிடிக்கிறது. கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டிய மொழிக்கு இறைச்சிக்குப் புகை ஊட்டுவது ஒன்றும் புதிதல்ல.

அன்புடன்.

—

ஐயா, தூள்விறகுக்கு என் ஓட்டு. பழக்குதலுக்கும்.

புகையூட்டியில்தான் இடிக்கிறது. சுவையூட்டி, நிறமூட்டி, மணமூட்டி எல்லாம் உணவில் சேர்க்கிற பொருள்கள். புகையூட்டி என்றால் புட்டியில் வரும் புகைச்சாறு என்று நினைக்க மாட்டார்களா? இன்னொன்று, இந்தக் கருவி 90, 100 டிகிரியில் புகைகிறது, 200க்கு ஏற்றினால் தீ சுத்தமாக எரிந்து புகை குறைந்து வெறும் அடுப்பு மாதிரிதான் ஆகிறது. 'புகையடுப்பு' என்றால் இரண்டுக்கும் பொருந்துமே?

—

நல்ல கேள்வி தம்பி, அதனால் நேற்று இரவு தூக்கம் போனது. 'குளிரூட்டி' கருவிதானே? ஊட்டி என்ற ஈறு பொருளுக்கும் வரும், கருவிக்கும் வரும், இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். புகையடுப்பு என்றால் கண்ணைக் கரிக்கிற பழைய அடுப்பு. அதை ஒழிக்கத்தானே 'புகையில்லா அடுப்பு' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அதைப் போய் விலைகொடுத்து வாங்கினேன் என்று எப்படிச் சொல்வது? 200 டிகிரி வாதத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன், அங்கே என்னிடம் பதில் இல்லை.

இன்று முழுக் கோழி வைத்தேன். 110 டிகிரி, வெள்ளைப் புகை அடங்கி மெல்லிய நீலப் புகை வந்த பிறகுதான் உள்ளே விட்டேன், தொடையில் குத்திய வெப்பமானி முள் 74 காட்டியதும் எடுத்தேன். தோல் ரப்பர், சதை அருமை. முடிந்ததும் மின்சாரத்தைப் பட்டென்று பிடுங்கிவிடாதீர்கள், கிண்ணத்தில் மிச்சமிருப்பது எரிந்து தீரும்வரை விசிறி தானாக ஓடி நிற்கும், இல்லையென்றால் கனல் குழாய் வழியே குதிர் வரைக்கும் திரும்பி ஏறலாம். இந்தக் கடைசி ஓட்டத்துக்கு 'அணைப்போட்டம்' என்று எழுதி வைத்திருக்கிறேன், கேட்கச் சகிக்கவில்லை. யாராவது மாற்றுங்கள்.