புதுப்பிப்பு: மெக்லாரனின் 2023 ஃபார்முலா 1 கார் தேறுமா?

மார்ச்சில் பஹ்ரைன் பந்தயத்தில் மெக்லாரன் ஓட்டுநர் நாரிஸ் ஆறு முறை பிட்டுக்குள் (பந்தயத்தின் நடுவே காரை நிறுத்திச் சரிசெய்யும் இடம்) போய் 17ஆவதாக வந்த அன்று, எம்சிஎல்60 என்ற இந்தக் கார் தேறுமா என்று இங்கே புலம்பியிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கார் மெதுவாக ஓடுவதற்கு இன்ஜின்தான் காரணம் என்றவர்கள் கணிப்பு தப்பு. அதே மெர்சிடிஸ் இன்ஜினோடுதான் ஆஸ்டன் மார்ட்டினின் அலோன்சோ அன்றைக்கே முதல் மூவரில் ஒருவராக மேடை ஏறினார். "காற்றியக்கம்தான் (காரைச் சுற்றிக் காற்று பாயும் விதம்) சிக்கல், புதுப் பாகங்கள் வரும்வரை பொறுங்கள்" என்றவர் சொன்னதே நடந்தது. ஜூலையில் ஆஸ்திரியாவில் நாரிஸ் காருக்கு மட்டும் புதிய அடிப்பாகமும் பக்கவாட்டு வடிவமும் வந்தன: 4ஆம் இடம். அடுத்த வாரமே சில்வர்ஸ்டோனில் 2ஆம் இடம்!

நான் எதிர்பார்க்காதது கத்தார். அங்கே ஸ்பிரின்ட் எனும் குறும்பந்தயத்தை வென்றது நாரிஸ் அல்ல, அறிமுக ஆண்டிலிருந்த அவரது அணித்தோழர் பியாஸ்ட்ரி. சீசன் முடிவில் அணிக்கு 302 புள்ளிகள், அணிகள் பட்டியலில் 4ஆம் இடம். மார்ச்சில் பாதியிலேயே டிவியை அணைத்தவன் நான்.