ஜெபம் முடிவதற்குள் கடந்துபோனது

மாலைவானம்:
மூன்று வாரம் ஆகிறது, இன்னும் மனதை அரிக்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் எங்கள் தலைக்கு மேலே கடக்கவிருந்த மாலை. என் மகனுக்கு ஒன்பது வயது. நாள்காட்டியில் வட்டம் போட்டு வைத்துவிட்டு நான்கு நாளாகக் காத்திருந்தான். குடும்ப ஜெபம் ஏழு மணிக்கு, நிலையம் வருவது 7.21க்கு. நேரம் தாராளமாக இருந்தது.

சங்கீதம் வாசித்தோம். மனைவி ஜெபித்தாள், பிறகு நான். நடுவில் கண்ணைத் திறந்தபோது அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குச் சுருக்கென்றது. ஆண்டவருடைய சமுகத்தில் கடிகாரமா? ஜெபத்தை நீட்டினேன். வேண்டுமென்றே நீட்டினேன். நினைவுக்கு வந்த உறவினர், ஊழியக்காரர், நோயாளிகள் என ஒருவரையும் விடவில்லை. கடைசியில் "கீழ்ப்படிகிற பிள்ளைகளைத் தாரும்" என்றும் சேர்த்தேன். ஆமென் சொன்னபோது 7.26.

அவன் ஓடவில்லை. கண்ணை இறுக மூடியபடி உட்கார்ந்திருந்தான், இமையோரம் நனைந்திருந்தது. எல்லாரையும்விட உரக்க ஆமென் சொன்னவன் அவன்தான். பிறகு பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

அந்தக் கடைசி ஐந்து நிமிடமும் நான் ஆண்டவரோடு பேசவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அவனோடுதான் பேசினேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு நாள் உண்டா?

பழைய வேதாகமம்:
சகோதரரே, நீங்கள் செய்ததில் தவறில்லை. எனக்குப் பதினான்கு வயதில் கால்பந்து இறுதி ஆட்டம் ஞாயிறு காலையில் வந்தது. அப்பா விடவில்லை. வெள்ளைச் சட்டைக்குள்ளே அணியின் சட்டையை மாட்டிக்கொண்டு ஆராதனைக்குப் போனேன். பிரசங்கம் முழுக்க வியர்த்துக்கொண்டிருந்தது. எங்கள் அணி தோற்றது.

ஆனாலும் அப்பா செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். பிள்ளைகளுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். உபாகமம் 6ஆம் அதிகாரம் பிள்ளைகளுக்குக் கருத்தாய்ப் போதிக்கச் சொல்கிறது. இன்று ஐந்து நிமிடம் விட்டுக்கொடுத்தால் நாளை அரைமணி நேரம் போய்விடும். ஜெப நேரத்தை மாற்றாதீர்கள், சுருக்காதீர்கள். கடிகாரத்தை அந்த அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். தொலைபேசியை அணைத்து வையுங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வசனத்தை மனப்பாடமாகச் சொல்லட்டும், அப்போது கவனம் சிதறாது. லூக்கா 6:12ஐ வாசித்துப் பாருங்கள். நம் ஆண்டவரே இராமுழுவதும் ஜெபித்தார். நமக்கு ஐந்து நிமிடம் அதிகமா?

வெற்றுத்தாள்:
மேலே எழுதியவரின் சட்டைக்குள் சட்டையைப் படித்ததும் அப்பா நினைவுக்கு வந்துவிட்டார். நானும் எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்குச் சதுரங்கம் என்றாலே ஆகாது. பன்னிரண்டு வயதில் பாட்டுப் புத்தகத்துக்குள் ஒரு சதுரங்கப் புத்தகத்தை மறைத்துவைத்துப் படித்தேன். ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அதை வாங்கி இரண்டாகக் கிழித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் இறந்தபின் அவருடைய வேதாகமம் எனக்கு வந்தது. மல்கியாவுக்கும் மத்தேயுவுக்கும் நடுவே இருந்த வெற்றுத் தாளில் பென்சிலால் பொடி எழுத்து. ஏதோ வசனக் குறிப்பு என்று நினைத்தேன். அத்தனையும் சதுரங்க நகர்வுகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தேதி. அஞ்சலட்டையில் யாருடனோ ஆடியிருக்கிறார், ஒரே ஆட்டம், இரண்டரை ஆண்டு. கடைசி வரியில் "குதிரை எஃப்5", அதன் கீழே "விட்டுவிட்டேன்". அந்தத் தேதி என் ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள்.

பலகையில் காய்களை அடுக்கிப் பார்த்தேன். அப்பாவிடம் ஒரு யானை கூடுதலாக இருந்தது. ஜெயித்துக்கொண்டிருந்த ஆட்டத்தை விட்டிருக்கிறார். ஆட்டத்தின் தொடக்கமோ ரூய் லோபஸ். 1561இல் சதுரங்க நூல் எழுதிய ஸ்பானியப் பாதிரியார் ஒருவரின் பெயர் கொண்ட தொடக்கம் அது. ஒரு பாதிரியாரே ஆடிய ஆட்டத்தை விடவேண்டும் என்று அப்பாவிடம் யார் சொன்னார்கள்? அவரே நினைத்துக்கொண்டாரா? கேட்க ஆளில்லை.

ஞாயிறுபள்ளி அக்கா:
பழைய வேதாகமம் அண்ணன் சொன்ன லூக்கா 6:12ஐ நானும் எடுத்து வாசித்தேன். ஆண்டவர் இராமுழுவதும் ஜெபித்தது மலைமேல், தனியாக. சீஷர்களை எதிரே உட்காரவைத்து அல்ல. தண்ணீரில் அமிழ்ந்த பேதுருவின் ஜெபம் ஒரே வரி, கை உடனே நீட்டப்பட்டது. ஆயக்காரனுடைய ஜெபமும் ஒரே வரி. நீங்கள் காட்டிய உபாகமம் 6ஆம் அதிகாரமும் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது என்று நிறுத்தவில்லை, வழியில் நடக்கும்போதும் என்கிறது. அந்தப் பையனோடு வெளியே போய் வானத்தைப் பார்த்திருந்தால் அதுவும் போதனைதானே? இதை மரியாதையோடுதான் கேட்கிறேன்.

இவ்வளவு பேசுகிற நானும் ஒன்றைச் செய்திருக்கிறேன். என் வகுப்பில் ஒரு சிறுமி சின்ன அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, ஜெப வேளையிலும் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வாரம் வாங்கிக்கொள்" என்று வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டேன். உள்ளே என்ன என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை, அலமாரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனாள்.

உள்ளே இருந்தது கூட்டுப்புழு. அடுத்த ஞாயிறு திறந்தபோது வண்ணத்துப்பூச்சி வெளியே வந்திருந்தது. கூட்டைவிட்டு வந்ததும் அது தொங்கியபடி சிறகுகளை விரித்து உலர்த்த வேண்டுமாம். சின்னப் பெட்டியில் அதற்கு இடமில்லை. சிறகு கசங்கியபடியே இறுகிப்போய், செத்துக் கிடந்தது. அவள் அழவில்லை. "சாலொமோன் பறவைகளையும் ஊரும் பிராணிகளையும் பற்றிப் பேசினார் என்று நீங்கள்தானே அக்கா சொன்னீர்கள்" என்றாள். ஆம், முந்தின மாதம் 1 இராஜாக்கள் 4:33ஐ நடத்தியது நான்தான்.

வடக்கு ஜன்னல்:
மாலைவானம் சகோதரருக்கு. என் மனைவி மருத்துவமனையில் இருந்தபோது, ஓர் இரவு ஜன்னல் வழியே நிலையம் கடந்ததைக் கண்டோம். "அங்கே ஏழு பேர் இருக்கிறார்களே, அவர்கள் வீட்டாருக்கு எப்படி இருக்கும்? ஜெபியுங்கள்" என்றாள். தன் வலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளோடு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

நீங்கள் தவறவிட்டது திரும்ப வரும். நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. நம் தரை இருண்டிருக்க, அதன்மேல் வெயில் பட வேண்டும். அதனால்தான் அந்திக்குப் பின்னும் விடியலுக்கு முன்னும் மட்டும் கண்ணுக்குத் தெரியும். சில வாரம் மாலையில், சில வாரம் அதிகாலையில். விமானம்போல் மினுக்காது, ஒரே சீராக நகரும். மாலையில் பூமியின் நிழலுக்குள் நுழைந்து பாதி வானத்திலேயே மறையக்கூடும், அதிகாலையில் பாதி வானத்தில் திடீரென்று தோன்றவும் கூடும். தொலைநோக்கி வேண்டாம், வெறுங்கண் போதும். பத்து நிமிடம் முன்னதாகவே விளக்குகளை அணைத்துவிட்டு வெளியே நில்லுங்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும். நேரத்தை முந்தின நாளே மறுபடி சரிபாருங்கள், சிறிது மாறியிருக்கும்.

காத்திருக்கும்போது அவனுக்குச் சொல்ல இரண்டு செய்திகள். 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8இல் சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்த மூவரும் ஆதியாகமத்தின் முதல் பத்து வசனங்களை வாசித்தார்கள். 1969இல் சந்திரனில் இறங்கிய பஸ் ஆல்ட்ரின், வெளியே கால் வைப்பதற்கு முன் கலத்துக்குள்ளேயே திருவிருந்து எடுத்தார். உங்கள் மகன் வானத்தை நேசிக்கிறான் என்றால், இந்த இரண்டையும் அவன் உங்கள் வாயால் கேட்க வேண்டும்.

மாலைவானம்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று அதிகாலை ஒரு கடப்பு இருந்தது, 5.04க்கு. நான் விழித்ததே தாமதம். அவனை எழுப்பும்போது 5.02. எழுந்து உட்கார்ந்தவன் முதலில் கைகளைக் குவித்துக் கண்ணை மூடினான். "வா" என்று அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். சகோதரர் எழுதியதுபோலவே நடுவானில் திடீரென்று தோன்றியது. அது கிழக்கே மறையும்வரை பார்த்தான். கைகள் மட்டும் குவிந்தபடியே இருந்தன.