புதுப்பிப்பு: மாடி அறை வேலையைப் பிரித்தது எப்படி

மாடியில் ஓர் அறை எழுப்ப வேண்டும், வேலைகளை எப்படிப் பிரித்துத் திட்டமிடுவது என்று கேட்டிருந்தேன். கொத்தனார், எலக்ட்ரீஷியன், பிளம்பர் என்று ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னவர்களே அதிகம். ஒருவர் மட்டும், எது முடிந்தால் எதைத் திரும்பத் தொட முடியாதோ அந்த இடத்தில் பிரியுங்கள் என்றார். அதையே பிடித்துக்கொண்டேன்.

‘தளம் போடுவது’ என்று ஒரே வரியாக இருந்தது இப்போது சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகையும் முட்டும்), கம்பி கட்டுவது, எலக்ட்ரிக் பைப்பும் ஃபேன் பாக்ஸும் வைப்பது, கான்கிரீட், அது இறுகத் தண்ணீர் கட்டுவது, சென்ட்ரிங் பிரிப்பது என்று ஆகிவிட்டது. கான்கிரீட்டுக்கு முன்பே எலக்ட்ரீஷியன் வந்தாக வேண்டும். அப்புறம் வந்தால் தளத்தைக் கொத்த வேண்டியதுதான். ஆள்வாரிப் பட்டியலில் இது தெரியவே தெரியாது.

காத்திருப்பதையும் ஒரு வேலையாக எழுதினேன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 456-இன்படி, சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் (ஓபிசி) என்றால், தாங்கும் சுவர்களுக்கோ பீம்களுக்கோ நடுவே 4.5 மீட்டர் வரை இடைவெளியுள்ள தளத்துக்கு முட்டுகளைக் குறைந்தது 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள் விட வேண்டும். (எங்கள் மேஸ்திரி எதுவானாலும் 14தான் என்றுவிட்டார். சரி, நானும் வாதாடவில்லை.) அந்த நாட்களில் ஜன்னல் ஆர்டரும் டைல்ஸ் தேர்வும்.

பெயின்ட் வேலையை இன்னும் பிரிக்கவில்லை. பூச்சு காயட்டும், பார்க்கலாம்.